பதினேழாம் நம்பர் வில்லை

துறைமுகத்தில் அவருக்கு ரேடியோ என்று பேர். முழங்கால் தேய்ந்து கடலுக்குப் போக முடியாமல் ஆன பிறகு, வெளியூர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு மீன்பிடித் தொழிலின் பழங்கதையைச் சொல்லியபடி தெருத்தெருவாக நடப்பதுதான் பிழைப்பு. கால் போனால் என்ன, வாய் இருக்கிறதே மனுஷனுக்கு! ஐஸ் உடைக்கும் கொட்டகை, வலை காயும் சந்து, ஏலக்கூடம் என்று எட்டு இடம். எங்கே நின்று எதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்பதெல்லாம் அத்துப்படி.

நாலாவது இடம், துறைமுக ஆபீஸ் சுவரில் இருக்கும் பலகை. படகுக்கு ஓர் ஆணி, ஆணிக்கு ஒரு பித்தளை வில்லை. கடலுக்குப் போகிறவன் தன் நம்பர் வில்லையை மாட்டிவிட்டுப் போவான், திரும்பி வந்தால் கழற்றிக்கொள்வான். பொழுது சாய்ந்தும் ஏதாவது வில்லை தொங்கினால் தேடுபடகு கிளம்பும். பழைய ஏற்பாடுதான், ஆனால் இன்றைக்கும் அதுதான் நடப்பு. ரேடியோ அதில் ஒன்றைக் கழற்றி ஜனங்கள் கையில் கொடுப்பார். கூடாதுதான். கிளார்க் எத்தனை தடவை சொல்லியிருப்பார், இவர் கேட்டால்தானே! அதுவும் எப்போதும் தம்பியின் பதினேழாம் நம்பரைத்தான் எடுப்பார். நம்ம வீட்டுப் படகு என்று சொல்லிக்கொள்வதில் அப்படியொரு பெருமை.

நேற்று வில்லை கைமாறிக்கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் பஸ்ஸுக்கு ஓட, யாரோ கையில் திணித்ததைச் சட்டைப்பையில் போட்டவர் அதோடு மறந்துபோனார். சாயங்காலம் கிளார்க் வந்து பார்த்தார். ஆணியெல்லாம் காலி. எல்லாரும் கரை சேர்ந்தாச்சு என்று பூட்டிக்கொண்டு போய்விட்டார்.

மழை நாளில் தம்பி படகிலேயே படுத்துவிடுவான் என்பதால் அவன் மனைவியும் தேடவில்லை. விடிந்ததும் கரையில் படகைக் காணோம் என்று அவள் ஓடிவந்து சொன்னாள். ரேடியோ நேற்றுப் போட்ட சட்டையைத் துழாவினார். வில்லை விரலில் தட்டுப்பட்டது.

ஆறு மணிக்குத்தான் தேடுபடகு கிளம்பியது. முழுசாய் ஓர் இரவு போயே போய்விட்டது. நானும் வருகிறேன் என்று கெஞ்சினார். இந்தக் காலோடு நீங்கள் வந்தால் உங்களைப் பிடித்துக்கொள்ளவே ஓர் ஆள் வேண்டும் என்று இறக்கிவிட்டார்கள். யாரும் பார்க்காத சமயம் வில்லையை ஆணியில் மாட்டினார். வேறென்ன செய்வார், பாவி மனுஷன்? ஒன்பது மணிக்கு பஸ் வந்தது. இன்றைக்கு முடியாது என்று சொல்லிப் பார்த்தார். வேறு ஆள் இல்லை, எப்படியாவது சமாளியுங்கள் என்றார்கள் பஸ்காரர்கள்.

நாலாவது இடத்துக்கு வந்தால், தேடுபடகிலிருந்து வயர்லெஸ்ஸில் சேதி வருமா என்று தம்பி மனைவி பலகையோரம் நிற்கிறாள். ரேடியோ தரையைப் பார்த்தபடி மனப்பாடமாய் ஒப்பித்தார். யாராவது தப்பாகக் கழற்றிவிட்டால் என்ன ஆகும் என்று குடை வைத்திருந்த பெரியவர் கேட்டார். தினமும் யாராவது கேட்பதுதான். கழற்றியவனையே அந்த ஆணியில் தொங்கவிடுவோம் என்பது இவருடைய வழக்கமான பதில்.

இன்று அது வாயில் வரவில்லை. தம்பி மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

"நேத்து நான்தான் கழட்டினேன். திருப்பி மாட்ட மறந்துட்டேன்" என்றார்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சரியான வேடிக்கைக்காரர் என்று ஒருத்தி கைகூடத் தட்டினாள். வாய்விட்டு அழுதால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

தம்பி மனைவி திட்டவில்லை. கோணலாய்த் தொங்கிய வில்லையை நேராக்கினாள்.

"இனிமே யாரையும் இதத் தொட விடாதீங்க மாமா" என்றாள். "அவரே வந்து கழட்டட்டும்."