மூன்றாம் பாகம் வராத சனிக்கிழமை

அண்ணாச்சி கடையின் கண்ணாடிக் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. ‘பார்ட் 3 இன்னும் வரவில்லை. கேட்க வேண்டாம்.’ அதைப் படித்துவிட்டுத்தான் நானும் என் நண்பனும் உள்ளே போய்க் கேட்டோம்.

“கதவுல என்னல எழுதியிருக்கு? கம்பெனிக்காரன் தள்ளி வச்சிட்டான். அடுத்த மாசம்னு சொல்லுதான். நான் என்ன, அவனுக்கு மச்சானா?” என்றார் அண்ணாச்சி.

அந்தக் கடை திருவொற்றியூரில், கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலையின் பின்தெருவில் இருந்தது. ஆறு கம்ப்யூட்டர்கள். மணிக்கணக்கில் வாடகைக்கு விளையாடலாம். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்குக் கீழே பெயிண்ட் டப்பா வைத்திருப்பார். நான் அப்போது பக்கத்து யார்டில் கன்டெய்னர் எண்களைப் பார்த்து நோட்டில் எழுதும் வேலையில் இருந்தேன். ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றவனுக்கு எழுத்து கொஞ்சமாக இருந்தால் போதும் என்கிற வேலை அது. அதற்கு முன் ஐஸ் கம்பெனி, லாரி கிளீனர், சூரத்தில் சாயப்பட்டறை. எதிலும் ஒரு வருடத்துக்கு மேல் நின்றதில்லை. நண்பன் அப்படியில்லை. காசிமேட்டில் ஒரே லாஞ்சில் ஆறு வருடமாகக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தான். அந்த விசைப்படகில் மொத்தம் எட்டுப் பேர். போனால் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் கரை. வந்தாலும் வலை தைக்கவும் தூங்கவுமே நேரம் சரியாகிவிடும். சித்திரையில் தொடங்கும் மீன்பிடித் தடைக்காலம்தான், அந்த நாற்பத்தைந்து நாள்தான், அவன் என்னோடு உட்கார்ந்து விளையாடுகிற காலம்.

நாங்கள் விளையாடியது இரண்டு சிப்பாய்கள் சேர்ந்து எதிரி முகாம்களைப் பிடிக்கிற விளையாட்டு. அதன் இரண்டாம் பாகத்தை முந்தைய வருடத் தடைக்காலத்தில் முடித்திருந்தோம். அவசரத்தில் வெளியிட்ட பாகம் அது. ஐந்தாவது கட்டத்தில் ஒரு மாடிப்படி உண்டு. அதில் ஏறினால் அவனுடைய சிப்பாய் இடுப்புவரை தரைக்குள் இறங்கி நின்றுவிடுவான். முன்னேயும் போக முடியாது, பின்னேயும் வர முடியாது. நான் பக்கத்தில் ஒரு கையெறி குண்டைப் போட்டால் துள்ளி வெளியே வருவான். அதை நாங்களே கண்டுபிடித்தோம். “மாமு, பூந்துட்டேன், குண்டு போடு” என்று அவன் கத்துவதும், நான் போடுவதும், சில சமயம் குறி தப்பி அவன் செத்தே போவதுமாக அந்தக் கட்டத்தை இருபது தடவையாவது ஆடியிருப்போம். எனக்கு அது குறையாகவே படவில்லை. ஓட்டையோ உடைசலோ, கைக்கு வந்தது, ஆடினோம்.

மூன்றாம் பாகத்தில் படகு உண்டு என்று கம்ப்யூட்டர் பத்திரிகையில் படம் போட்டிருந்தார்கள். ஒருவன் படகை ஓட்ட, இன்னொருவன் சுட வேண்டும். அந்தப் பக்கத்தை நண்பன் கிழித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தான். “வெள்ளைக்காரன் லாஞ்சு எப்டி வளைக்கிறான்னு பாக்கணும்டா” என்பான். தேதியும் அதே பக்கத்தில் இருந்தது. தடைக்காலத்தின் இரண்டாவது வாரம். எங்களுக்காகவே குறித்த மாதிரி.

அந்தத் தேதிதான் தள்ளிப்போனது. பிறகு சொன்ன தேதியும் போனது. இரண்டாவது தடவை எனக்கு ஆத்திரம் வந்து, வேலை முடிந்ததும் நேராகக் காசிமேட்டுக்குப் போனேன். அவன் கரையில் ஏற்றி வைத்த லாஞ்சின் அடியில் மல்லாந்து படுத்து, பலகை இடுக்குகளில் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தான்.

“திரும்பவும் தள்ளிட்டானுங்கடா. இன்னும் நல்லா பண்ணணுமாம். நம்மள டபாய்க்கிறானுங்க.”

அவன் எழுந்திருக்கவே இல்லை. “பஞ்சு அடைக்காம இந்த லாஞ்ச கடல்ல எறக்கவா? நீ குந்திகினு வரியா?”

“அது உசுரு மேட்டர்டா. இது கேமு.”

“அவனுக்கு அதான பொயப்பு. முடிக்காம குட்த்தா நீதான் கய்வி ஊத்துவ. போன தபா நான் தரைக்குள்ள பூந்துகினு நின்னது உனக்கு ஷோக்கா இருந்துச்சு. எனக்கு பேஜாரா இருந்துச்சு.”

ஒரு வருடம் சேர்ந்து சிரித்ததாக நினைத்த விஷயம் அவனுக்கு எரிச்சலாக இருந்திருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரியும். அதுவும் சேர்ந்து என் ஆத்திரம் கூடியது.

மூன்றாவது தேதி ஒரு வெள்ளிக்கிழமை. வெளிநாட்டில் வெளியான மறுநாள், சனிக்கிழமை, தன் கடைக்கு வந்துவிடும் என்றார் அண்ணாச்சி. தடைக்காலம் அந்த வாரத்தின் நடுவிலேயே முடிகிறது. வியாழக்கிழமை விடிகாலையில் லாஞ்சு கிளம்புகிறது. நானோ அதற்கு அடுத்த வாரமே விசாகப்பட்டினம் போக ஒரு லாரி ஓனரிடம் ஒப்புக்கொண்டிருந்தேன். அவன் கடலிலிருந்து திரும்பும்போது நான் ஊரில் இருக்க மாட்டேன். அந்தச் சனிக்கிழமை ஒன்றுதான் எங்களுக்கு இருந்தது.

நான்தான் சொன்னேன். “ஒரு ட்ரிப்பு போவாத. ஜொரம்னு சொல்லிடு.”

“மொத ட்ரிப்புடா. நாப்பத்தஞ்சு நாள் கடல் சும்மா கெடந்துகீது. இப்பப் போனாத்தான் மீனு.”

“ஆறு வருசமா போற. ஒரு தபா போவலன்னா இன்னா பூடும்?”

வெகுநேரம் யோசித்தான். பிறகு அந்தப் படகுப் பக்கத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, சரி என்றான். லாஞ்சு டிரைவரிடம் போய்க் காய்ச்சல் என்று சொன்னான். அவர் நெற்றியில் கைவைத்துப் பார்க்கவில்லை. ஆறு வருடத்தில் ஒரு நாள்கூடப் பொய் சொல்லாதவன் என்பதால் அப்படியே நம்பி, அவன் இடத்துக்கு வேறொருவனை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அண்ணாச்சி ஷட்டரைத் தூக்கும்போதே நாங்கள் நின்றிருந்தோம். அவர் எங்களைப் பார்க்காமல் பூட்டையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

“வரலடே. நேத்து ராத்திரிதான் நெட்டுல போட்டுருக்கான். தீபாவளி வாக்குலயாம். இந்தப் படகு சீனுதான் சரியா அமையலன்னு எழுதியிருக்கான்.”

நான் கத்தினேன். அண்ணாச்சி பதிலுக்குக் கத்தினார். “அவன் சொன்ன தேதியத்தான நான் சொன்னேன்? ரெண்டு பேரும் காப்பி குடிச்சிட்டுப் போங்க.” நண்பன் உள்ளே போய் உட்கார்ந்து இரண்டாம் பாகத்தைப் போட்டான். மாடிப்படியில் அவன் சிக்கினான். நான் குண்டு போட்டேன். இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

பன்னிரண்டாவது நாள் லாஞ்சு திரும்பியது. வஞ்சிரமும் இறாலும் கூடை கூடையாக இறங்கின. நண்பன் கயிறு பிடிக்கப் போனான். விசாகப்பட்டினம் லாரியை விட்டுவிட்டு நானும் கூட நின்றேன். டிரைவர் மேலேயிருந்து அவனைப் பார்த்தார்.

“இன்னா நைனா, ஜொரம் எறங்கிட்ச்சா?”

“எறங்கிட்ச்சுண்ணே.”

“கம்ப்யூட்டர் கடையில குந்திகினு இருந்தா எறங்கிடுமாமே. டாக்டருக்கு குடுக்குற துட்டு மிச்சம்.” சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்; அவர்களில் யாரோதான் சொல்லியிருக்க வேண்டும். அவர் சிரிக்கவில்லை. “கெளம்புற அன்னிக்கு என்னான்ட பொய் சொன்னவன நான் கடல்ல எப்டிடா நம்புவேன்? புது ஆளு நல்லா செய்றான். நீ வேற பாத்துக்க.”

காசிமேட்டில் லாஞ்சுகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒரு டிரைவர் சொன்னது அத்தனை டிரைவர்களுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. ‘ஜொரக்காரன்’ என்று பெயரும் வைத்துவிட்டார்கள். கேட்ட இடத்திலெல்லாம் சிரித்துவிட்டு, ஆள் வேண்டாம் என்றார்கள். மூன்று வாரம் மார்க்கெட்டில் ஐஸ் உடைத்தான். பிறகு மங்களூர் படகுகளுக்கு ஆள் எடுக்கிற ஒருவனோடு ரயில் ஏறினான். ரயிலடியில் மன்னிப்பு மாதிரி எதையோ சொல்ல வாயெடுத்தேன். “நீ சொன்னா நான் கேக்கணுமா? எனக்கும்தான் ஆசை இருந்துச்சு. கம்முனு கெட” என்றான்.

இப்போது விளையாட்டு தள்ளிப்போகிறது என்று செய்தி வந்தால், தாமதமானாலும் நன்றாக வரட்டும் என்கிறார்கள் இளைஞர்கள். நியாயம்தான். வீட்டில் சொந்தமாகக் கம்ப்யூட்டர் இருக்கிறது. அடுத்த மாதமும் அதே நாற்காலியில்தான் உட்காரப் போகிறார்கள். அவர்களுக்குத் தாமதம் லாபம். வருடத்தில் நாற்பத்தைந்து நாள் மட்டும் கரையில் இருப்பவனுக்கு எப்படி லாபமாகும்? செய்து முடிக்க எவ்வளவு நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. முடியுமா என்று தனக்கே தெரியாத தேதியை ஏன் அச்சடித்துக் கொடுக்க வேண்டும்? யாரோ அதை நம்பி வேலைக்குப் போகாமல் இருப்பான் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றாதா? இப்படிப் பேசும்போது பொய் சொல்லச் சொன்னது நான்தான் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் ஆத்திரம் குறையவில்லை.

அந்த வருட ஐப்பசி மழையில் மூன்றாம் பாகம் வந்தது. அண்ணாச்சியே யார்டுக்கு ஆள் அனுப்பிச் சொன்னார். பக்கத்து கம்ப்யூட்டரில் இருந்த ஒரு பாலிடெக்னிக் மாணவனோடு சேர்ந்து மூன்றே நாளில் முடித்தேன். அடுத்த நாள் டீக்கடை வாசலில் இருந்த ஒரு ரூபாய் போனிலிருந்து மங்களூருக்கு, நண்பன் புதிதாக வாங்கியிருந்த செல்லுக்குப் பேசினேன்.

“வந்துட்ச்சா? எப்டி கீது?”

குப்பை என்று சொல்லத்தான் போயிருந்தேன். வாயில் வரவில்லை. “நல்லா கீது.”

“தரைக்குள்ள பூர்றானா?”

“இல்ல.”

“அந்தப் போட்டு எப்டி ஓடுது?”

“அலை பக்கவாட்டுல அடிச்சா சாயுது. வேகம் குடுத்தா மூக்கு தூக்குது. நெஜ லாஞ்சு மாதிரியே.”

“பாத்தியா? நான் சொன்னன்ல?” என்றான். அவ்வளவு சந்தோஷம் அந்தக் குரலில். “டைம் எடுத்து செஞ்சா அப்டித்தான் வரும்.”

“உன் எடம் பூட்ச்சேடா அதுக்கு.”

“அத அவனா எடுத்தான்? உடு. நீ எவ்ளோ தூரம் முடிச்ச?”

“ரெண்டாவது கட்டம்தான்” என்று பொய் சொன்னேன்.

“அதோட நிறுத்து. டிசம்பர் இருபதாம் தேதி வரேன். போட்டு நான்தான் ஓட்டுவேன்.”

“தேதி சொல்லாதடா” என்று கத்திவிட்டேன். டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “வரப்போ வா. தேதி மட்டும் சொல்லாத.”

“இன்னாடா ஆச்சு உனக்கு?” என்று கேட்டான். போன் அடுத்த நாணயத்துக்காகப் பீப் அடித்தது. பையில் இருந்தது. நான் போடவில்லை.