பில்சூன் வீட்டுப் படுக்கையறைத் தூசி

மாசான் துறைமுகத்தைப் பார்த்தபடி குன்றுச் சரிவில் நிற்கும் அடுக்குமாடியில், நான்காம் மாடியில் குடியிருப்பவள் குவாக் பில்சூன். சந்தையில் தொடுகறிக் கடை வைத்திருக்கிறாள். நெத்திலி வறுவல், சோயாவில் ஊறிய தாமரைக் கிழங்கு, முள்ளங்கிக் கிம்ச்சி என்று அவள் கைபட்டது எதுவும் சாயங்காலம்வரை மிஞ்சாது. கைமணத்துக்கு எவ்வளவு பேர்போனவளோ, வாய்க்கும் அவ்வளவு பேர்போனவள். இந்த அறுபது வயதுக்குள் அவள் யாரிடமும் "தப்பு என்னுதுதான்" என்று சொன்னதாக ஒருவருக்கும் நினைவில்லை. தப்பே செய்யாதவள் என்று அர்த்தமில்லை. செய்தால் மறுநாள் அந்த வீட்டுக்கு ஒரு டப்பா கறி போகும். வாங்கிக்கொள்கிறவர்கள் புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

அவளுடைய இன்னொரு பெருமை, வீட்டின் சுத்தம். தரையில் சோற்றைக் கொட்டி அப்படியே அள்ளித் தின்னலாம் என்று அவளே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

அப்படிப்பட்டவள் வீட்டுப் படுக்கையறையில், குளிர்காலம் முடியப்போகிற நேரத்தில், தூசி படிய ஆரம்பித்தது.

காலையில் அலமாரியைத் துடைத்துவிட்டுக் கடைக்குப் போவாள். சாயங்காலம் வந்து பார்த்தால் அதன் மேல் மாவு சலித்த மாதிரி வெள்ளையாக ஒரு படலம். கண்ணாடியில் முகம் தெரியாது. கல்யாண போட்டோவில் அவளும் புருஷன் ஹாக்சூவும் பனிமூட்டத்துக்குள் நிற்பதுபோல் நிற்பார்கள். கூடத்தில் இல்லை, சமையலறையில் இல்லை. படுக்கையறையில் மட்டும்.

முதலில் அவள் பழியைக் கடல் தாண்டிப் போட்டாள். மேற்கிலிருந்து காற்றோடு மஞ்சள் மண் வரும் காலம் நெருங்கிவிட்டது, இந்த வருஷம் சீக்கிரமே கிளம்பிவிட்டது என்று தீர்மானித்து, ஜன்னல் இடுக்குகளையெல்லாம் டேப் போட்டு ஒட்டினாள்.

"மஞ்சள் மண்ணுன்னா மஞ்சளா இல்ல இருக்கணும்? இது வெள்ளையா இருக்கே" என்றார் ஹாக்சூ.

"அவ்வளவு தூரம் வந்தா எதுதான் வெளுக்காது?"

கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அந்த வேலை அவருக்கு விட்டுவைத்தது ஒரு வறட்டு இருமலும், பெண்டாட்டியோடு வாதாடுவதில்லை என்ற தெளிவும். பேசாமல் டேப்பைப் பிடித்துக்கொடுத்தார்.

ஜன்னலை அடைத்த பிறகும் தூசி நின்றபாடில்லை. அடுத்த பார்வை ஹாக்சூ மேல் விழுந்தது. மனுஷத் தோல் உதிர்ந்துதான் வீட்டுத் தூசி ஆகிறது என்று தொலைக்காட்சியில் ஒரு டாக்டர் சொன்னதை அவள் கேட்டிருந்தாள்.

"காலைக் காட்டுங்க" என்றாள். காட்டினார். குதிகால் வறண்ட குளம் மாதிரி வெடித்துக் கிடந்தது.

"இந்தக் காலை வச்சுக்கிட்டு ஒரு அறையை என்ன, ஒரு பள்ளிக்கூடத்தையே நிரப்பலாம். இனிமே நீங்க கூடத்துல படுங்க."

ஹாக்சூ முகத்தைத் தொங்கப்போட்டபடி தலையணையைத் தூக்கிக்கொண்டு போனார். கூடத்தில் தொலைக்காட்சி இருந்தது. இருமினால் திட்ட ஆளில்லை. உலர்ந்த கணவாய் மீனைக் கடித்துக்கொண்டு, வெளிநாட்டுப் பேஸ்பால் ஆட்டத்தை முழுசாகப் பார்த்து முடித்தார். கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு நிம்மதியாக அவர் தூங்கியதில்லை.

ஆனால் அவர் இல்லாத அறையில் தூசி குறைவதற்குப் பதிலாகக் கூடியது. அவர்மேல் குற்றமில்லை என்று ஆனதில் பில்சூனைவிட அவருக்குத்தான் வருத்தம்.

"இன்னும் கொஞ்ச நாள் பார்த்துட்டு முடிவு பண்ணலாமே. என் தோல் அந்தப் பக்கமெல்லாம் மிச்சம் கிடக்கும்" என்றார்.

அதைக் கேட்க அவளுக்கு நேரமில்லை. அவள் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேலே ஐந்தாம் மாடியில் இருப்பவள் பியோ யோன்ஜா. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வேலை. பிரேக்குக்கும் ஆக்சிலேட்டருக்கும் வித்தியாசம் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் நாளெல்லாம் உட்கார்ந்து பழகியதால் எதற்கும் பதறாதவள். அவள் பால்கனியில் நின்று போர்வை உதறுவதை பில்சூன் ஒருமுறை கண்ணால் பார்த்திருக்கிறாள். அது போதாதா? நேரே குடியிருப்பு அலுவலகத்துக்குப் போய் மேலாளரைப் பிடித்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் அறிவிப்புக்காக எல்லா வீட்டுக் கூடத்திலும் பதித்திருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. "ஐந்தாம் மாடியிலிருந்து போர்வை உதறுவதால் கீழ்வீட்டுக்காரர் மூச்சுவிட முடியாமல் அவதிப்படுகிறார். தயவுசெய்து தவிர்க்கவும்."

பேர் சொல்லவில்லை. ஆனால் ஐந்தாம் மாடிப் போர்வைக்குக் கீழ்வீடு நான்காம் மாடி என்பதும், நான்காம் மாடியில் அப்படி மூச்சு முட்டக் கத்துகிறவள் யார் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

ஒலிபெருக்கி ஓய்வதற்குள் அழைப்பு மணி அடித்தது. யோன்ஜா வேலைச் சீருடையைக்கூட மாற்றாமல் நின்றாள்.

"அந்தத் தூசியைக் கொஞ்சம் காட்டுங்க அக்கா. எங்க வீட்டுதுன்னா எனக்கு அடையாளம் தெரியும்."

"வா, வந்து பாரு. உன் கண்ணாலேயே பாரு."

மூன்று பேரும் படுக்கையறைக்குள் போனார்கள். யோன்ஜா நிதானமாகச் சுற்றிப் பார்த்தாள். அலமாரிக் கதவைத் திறந்தாள். கீல் கிறீச்சென்றது. "இது ஏன் இப்படித் துருப்பிடிச்சிருக்கு? புது அலமாரிதானே?"

"கீலைப் பத்தி யாரு கேட்டா? தூசியைப் பாரு."

"எங்க வீட்டுப் போர்வை எல்லாம் கருநீலம் அக்கா. கருநீலப் போர்வை வெள்ளையா உதிருமா?"

"உதிர்றது போர்வையா, போர்வைக்குள்ள இருக்கிற ஆளான்னு யாருக்குத் தெரியும்?" என்றவள், சாட்சிக்காக முகக்கண்ணாடி மேசையில் ஒரு விரலை அழுத்தி இழுத்து, யோன்ஜாவின் மூக்குக்கு நேரே நீட்டினாள். "இதுக்கு என்ன சொல்றே?"

யோன்ஜா குனிந்து அந்த விரலைப் பார்த்தாள். அடுத்து என்ன பேசலாம் என்று யோசித்தபடியே பில்சூன் அந்த விரலை வாயில் வைத்துக்கொண்டாள். முப்பது வருஷமாகக் கறி விற்கிறவளின் பழக்கம். விரலில் எது ஒட்டினாலும் அது தானாக நாக்குக்குப் போய்விடும்.

போன விரல் திரும்பவில்லை. அவள் நெற்றி சுருங்கியது.

"என்ன ஆச்சு?" என்றார் ஹாக்சூ.

"உப்பு கரிக்குது."

இன்னொரு விரலால் மேசையின் மறுகோடியைத் தொட்டு ருசி பார்த்தாள். சாதாரண உப்பு அல்ல. கல்லுப்பை இரும்புச் சட்டியில் வறுத்து, அம்மியில் நுணுக்கி, அவள் கடையில் மட்டும் போடுகிற உப்பு. எங்கே வைத்தாலும் அவளுக்கு அடையாளம் தெரியும்.

மூன்று பேருடைய பார்வையும் கட்டிலுக்குப் பக்கத்தில் புகைந்துகொண்டிருந்த கருவிக்குப் போனது. சியோல் நகரில் இருக்கும் மகன் அப்பாவின் இருமலுக்காக அனுப்பியது. குளிருக்காகத் தரையைச் சூடாக்குவதில் அறைக் காற்று வறண்டுபோகாமல் தண்ணீரைக் குளிர்ந்த புகையாக்கி ஊதும். வீட்டில் அதற்குப் புகைப்பானை என்று பெயர்.

"வெறும் தண்ணிதானே ஊத்துறீங்க?" என்று யோன்ஜா கேட்டாள்.

பில்சூன் புகைப்பானையின் விசையை அணைத்தாள். தொண்டைக்கு நல்லது என்று தினம் ஒரு கரண்டி உப்பைக் கலக்கியவள் அவள்தான். மகன் வேண்டாம் என்றபோது "பெத்தவளுக்குப் புத்தி சொல்றியா" என்று போனை வைத்தவளும் அவள்தான். தூசி கூடக்கூட, ஈரம் பட்டால் அடங்கிவிடும் என்று புகைப்பானையை முழு வேகத்தில் திருப்பி வைத்ததும் அவள்தான். தண்ணீர் காய்ந்துபோக, உப்பு மட்டும் அறை முழுக்க இறங்கிப் படிந்துகொண்டே இருந்திருக்கிறது. அலமாரிக் கீலையும் தின்றிருக்கிறது.

"அப்போ நான் இத்தனை நாளா ஊறுகாய் மாதிரி கிடந்திருக்கேன்" என்றார் ஹாக்சூ.

யோன்ஜா சிரிக்கவில்லை. "நான் வரேன் அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் பில்சூனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் வழக்கப்படி ஒரு டப்பா நெத்திலி வறுவலை ஹாக்சூவிடம் கொடுத்து மேலே அனுப்பினாள். காலி டப்பா கழுவித் துடைத்துத் திரும்பி வந்தது.

"என்ன சொன்னா?"

"கறி நல்லா இருந்துச்சாம். ஆனா பேரு போனது ஒலிபெருக்கியில, திரும்பி வர்றது மட்டும் டப்பாவுலயான்னு கேட்டா."

அன்று கடையில் பில்சூன் சில்லறையைத் தப்பாகக் கொடுத்தாள். இரண்டு வாடிக்கைக்காரர்கள் கிம்ச்சியில் உப்புக் குறைவு என்று வேறு சொன்னார்கள். கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு, ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் குடியிருப்பு அலுவலகத்துக்குப் போனாள். எழுதிக்கொடுங்கள், நான் படித்துவிடுகிறேன் என்றார் மேலாளர். அவள் மைக்கைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நான் நாலாம் மாடி பில்சூன் பேசுறேன். எங்க அறையில படிஞ்சது தூசி இல்ல, உப்பு. என் உப்பு. நானே போட்டது. அஞ்சாம் மாடி யோன்ஜா போர்வைக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல." அதற்குமேல் கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் எல்லா வீட்டிலும் கேட்டது. பிறகு மிக வேகமாக, "தப்பு என்னுதுதான்" என்றது ஒலிபெருக்கி. "சிரிக்கிறவங்க இப்பவே சிரிச்சு முடிச்சுடுங்க. நாளைக்குக் கடைக்கு வந்து சிரிக்காதீங்க."

அவள் பேச்சை யார் கேட்டார்கள்? மறுநாள் காலையிலேயே ஒரு பெண் வந்து, கூரையிலிருந்து கொட்டுகிற உப்பு இருந்தால் ஒரு பொட்டலம் கொடு என்று கேட்டாள். முறைத்துப் பார்த்த பில்சூனுக்கே கடைசியில் சிரிப்பு வந்துவிட்டது.

ஹாக்சூ கூடத்திலிருந்து திரும்பவில்லை. முதுகுக்குக் கூடத்துத் தரைதான் ஒத்துக்கொள்கிறது என்கிறார். அவளும் வற்புறுத்தவில்லை. புகைப்பானையில் இப்போது ஆற வைத்த வெந்நீர் ஊற்றி, அதை அவர் தலைமாட்டில் வைத்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை யோன்ஜா கதவைத் தட்டி, "குளிக்கப் போறேன், வர்றீங்களா அக்கா?" என்றாள். இரண்டு பேரும் தெருமுனைப் பொதுக் குளியலகத்துக்குப் போனார்கள். வெந்நீர்த் தொட்டியில் ஊறி எழுந்ததும், பில்சூன் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். யோன்ஜா சொரசொரப்புத் துணியைக் கையில் மாட்டிக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தாள். தேய்த்த வேகத்தில் பில்சூனின் கண்ணில் தண்ணீர் வந்தது.

"இன்னும் கோபம் தீரலையா உனக்கு?"

"அது அன்னிக்கே தீர்ந்துபோச்சு. இது அழுக்கு" என்று சொல்லி யோன்ஜா இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.