போனில் தலைகீழாக வரும் வளைகோடு

யாழ்ப்பாணத்து இணுவிலில் நான் வேலைசெய்த மென்பொருள் அலுவலகத்தில் விளக்கக் குறிப்பு எழுதும் அக்கா ஒருவர் இருந்தார். கணினி, போன் எல்லாவற்றிலும் ஒரேமாதிரி இயங்கவேண்டிய எங்கள் நிரல்தொகுப்பை மற்ற நிரலாளர்கள் வாங்கிப் பயன்படுத்துவார்கள்; அதில் படம் வரையும் கட்டளைகளை, தடித்த கண்ணாடியும் சுருங்கிய புருவமுமாக, ஒவ்வொரு கருவியிலும் ஓட்டிப் பார்த்த பிறகே எழுதுவார்.

"போனில் இந்த வளைகோடு தலைகீழாக வரும்" என்ற அவருடைய எச்சரிக்கையை, வாங்குபவர்கள் பயப்படுவார்கள் என்று முகாமையாளர் அழித்துவிட்டார்.

"பிழையைத் திருத்தேலாட்டி சொல்லவாவது விடுங்கோ. உந்தக் குறிப்பை நம்பி நிரல் எழுதுற பெடியன் தன்ரை பிழையெண்டெல்லோ தேடிச் சாவான்!" என்று அக்கா கத்தினார்.

"உதுகளை ஆர் பிள்ளை வாசிக்கினம்?" என்று முகாமையாளர் சிரித்தார்.

அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியேறினார், திரும்பி வரவேயில்லை. அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. முகம் தெரியாத ஒருவனுக்காக வேலையை விட்ட வேறொருவரை நான் இதுவரை சந்திக்கவில்லை.