மெட்டியைக் கழற்றிவிட்டுப் போன இன்டர்வியூ

ஒரகடத்தில் ஒரு ஃபாக்டரியில் இன்று இன்டர்வியூ. கல்யாணமான பெண்களை அசெம்பிளி லைன் வேலையில் போடத் தயங்குவார்கள் என்று கேள்விப்பட்டு, ஷேர் ஆட்டோவிலேயே மெட்டியைக் கழற்றி பர்ஸில் போட்டுக்கொண்டேன்.

செருப்பை வாசலிலேயே விடச் சொன்னார்கள்.

உள்ளே சூப்பர்வைசர், "வூட்ல யார் யாரும்மா கீறாங்க?" என்றார்.

பக்கத்தில் இருந்த ஹெச்.ஆர். மேடம் குறுக்கிட்டார். "சார், குடும்பத்தைப் பத்திக் கேக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல?"

எனக்கு உயிர் வந்தது.

"சரி மேடம், கேக்கல" என்றவர், குனிந்து என் கால் விரல்களைப் பார்த்தார். மெட்டி இருந்த இடம் மட்டும் வெள்ளை வளையமாகத் தெரிந்தது.

"போன் பண்றோம்மா."

பென்னலூரில் என் வீட்டுக்கே வந்துவிட்டேன். போன் வரவில்லை. மெட்டியையும் இன்னும் போடவில்லை, நாளைக்கு வேறொரு கம்பெனியில் இன்டர்வியூ.

கேட்கத்தானே கூடாது, பார்க்கலாம் போல. யாரிடமாவது ஒரு ஜோடி சாக்ஸ் இருக்கிறதா?