கீழ் வீட்டு சீலிங்

பண்டமாரானில் உள்ள ஒரு லோரி கம்பெனியில், எந்த லோரி எந்தச் சரக்கை ஏற்ற வேண்டும் என்று பிரித்துக் கொடுப்பது புனிதாவின் வேலை. வயது நாற்பத்தெட்டு, தனியாள். டயர் பஞ்சர் என்று யாராவது போன் செய்தால், படம் எடுத்து அனுப்பச் சொல்வார். புதிதாகச் சேரும் டிரைவர்கள் ஓரிரு முறை பொய் சொல்லிப் பார்த்துவிட்டு, பிறகு அந்த முயற்சியைக் கைவிடுவார்கள்.

அப்படிப்பட்டவர்தான் முன்பு பூச்சோங்கில் ஒரு பிளாட்டை, புது பெயிண்ட்டைப் பார்த்து மயங்கி வாங்கினார். பிறர் பேச்சைச் சந்தேகிக்கத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் தங்கள் ஆசையைச் சந்தேகிக்கத் தெரிவதில்லை. சுவருக்குள் குழாய்கள் அரித்துப் போயிருந்தன. வந்த வாடகை பெரும்பாலும் ரிப்பேருக்கே போனது. கடைசியில் நஷ்டத்துக்கு விற்றார். மிஞ்சியதோடு சேமிப்பையும் சேர்த்து இன்னொரு வீடு வாங்கி, வேலையை விட்ட பிறகு அதன் வாடகையில் காலம் தள்ளுவது அவர் திட்டம். இதுவும் தவறினால் மூன்றாவது வீட்டுக்கு வழியில்லை.

செந்தூலில் ஒரு மூன்றாம் மாடி வீடு அமைந்தது. வெளிச்சமான கூடம், நடக்கிற தூரத்தில் ரயில். வீட்டைக் காட்டிய ஏஜெண்ட் விஜயன் அவசரப்படுத்தினார்.

"அக்கா, வேற ஆளுங்களும் பாத்துட்டுப் போறாங்க. முன்பணம் கட்டிடுங்க லா."

"என் ஆளு வந்து செக் பண்ணட்டும்."

"மாப்பிள்ளை பார்க்கறவங்ககூட இவ்வளவு விசாரிக்க மாட்டாங்க அக்கா."

"அதனாலதான் நான் கல்யாணமே பண்ணிக்கல."

அவர் சொன்ன ஆள் குகன். வாங்குகிறவர்களுக்காக வீடுகளைச் சோதித்து அறிக்கை தருவது அவர் தொழில். சனிக்கிழமை காலை வந்தவர், மூன்றாம் மாடிக்கு ஏறாமல் இரண்டாம் மாடியிலேயே நின்று, நேர் கீழே இருக்கும் வீட்டின் கதவைத் தட்டினார்.

"பாஸ், நம்ம வீடு மேல," என்றார் விஜயன்.

"தெரியும். மேல் வீட்டு பாத்ரூம் ஒழுகினா மேல யாருக்குத் தெரியும்? கீழ் வீட்டு சீலிங்தானே சொல்லும்."

அப்படி ஒழுகினால் பெரும்பாலும் செலவு மேல் வீட்டுக்காரர் தலையில்தான் விழும். புனிதாவுக்கும் அது தெரியும்.

கதவைத் திறந்தவர் ஜுபைதா, அறுபதைக் கடந்த அம்மாள். கணவருடன் வெகுகாலமாக அங்கே இருக்கிறார்.

"மேல் வீடு வாங்கத்தானே வந்திருக்கீங்க? நல்ல வீடு. ஒழுகறது கிழுகறது ஒண்ணும் இல்ல."

"நான் இன்னும் கேக்கவே இல்லையே ஆன்டி," என்றார் குகன்.

குளியலறையின் சுவர்கள் பழுப்பேறிக் கிடந்தன. சீலிங் மட்டும் வெள்ளை வெளேர் என்று இருந்தது. குகன் அண்ணாந்து பார்த்துவிட்டு, அப்புறம் ஒருமுறை வருவதாகச் சொல்லி வெளியே வந்தார்.

படியேறும்போது புனிதாவின் முகம் தெளிந்திருந்தது. "பாத்தீங்களா, ஒண்ணும் இல்ல."

"புது பெயிண்ட் அக்கா."

"பெருநாளுக்கு அடிச்சிருப்பாங்க."

"சீலிங்குக்கு மட்டுமா பெருநாள்?"

டிரைவர்களிடம் படம் கேட்கிறவர், இங்கே ஒரு வாய்வார்த்தையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கூடத்தின் வெளிச்சம் அவருக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

மேல் வீட்டுக் குளியலறையில் தண்ணீர் போகும் துவாரத்தைத் துணியால் இறுக்கி அடைத்தார் குகன். தரை முழுவதும் தண்ணீர் தேக்கி, நீலச் சாயத்தைக் கலந்தார். மற்ற அறைகளைப் பார்த்து முடித்து, மத்தியானத்துக்கு மேல் மூவரும் மறுபடி கீழே இறங்கினார்கள். ஜுபைதாவின் வெள்ளை சீலிங்கில் நீல வளையம் ஒன்று படர்ந்திருந்தது. அதன் நடுவிலிருந்து ஒரு சொட்டு, கீழே வாளியில் விழுந்தது. காலையில் அங்கே வாளி இல்லை.

"நீங்கதானே பெயிண்ட் அடிச்சீங்க?" புனிதாவின் குரல் உயர்ந்தது.

"ஆமாம்மா. முக்காலி போட்டு ஏறி நான்தான் அடிச்சேன். போன தடவை வீடு வாங்க வந்தவர்கிட்ட உள்ளதச் சொன்னேன். மனுஷன் திரும்பிக்கூடப் பார்க்கல. வீட்டு ஓனரு போனே எடுக்க மாட்டேங்கறாரு. மேனேஜ்மெண்ட்ல சொல்லியும் ஒண்ணும் நடக்கல."

"அதுக்கு என் தலையில கட்டப் பாத்தீங்களா?"

"எங்க தலையில மூணு வருஷமா ஒழுகுது. நீ வாங்கினா ரிப்பேர் பண்ணுவேன்னு நெனச்சேன். உன்னப் பாத்தா பண்ற ஆளாத் தெரிஞ்சுது."

விஜயன் தன் கைப்பேசியில் எதையோ ஆழ்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜுபைதா சொன்னது பொய்தான். ஆனால் அந்த வீட்டில் உண்மை சொல்லி யாருக்கும் எதுவும் கிடைத்ததில்லை என்பதும் பொய்யல்ல. புனிதாவுக்கு இரக்கம் வந்ததா என்று தெரியாது. விஜயனிடம் அவர் சொன்னது ஒன்றுதான்: "ஓனரை ரிப்பேர் பண்ணச் சொல்லுங்க. இந்த சீலிங் காஞ்ச பிறகு முன்பணம் கட்டறேன்."

மூன்று வருடம் போன் எடுக்காத ஓனர், விற்பனை நின்றுவிடும் என்றதும் அடுத்த வாரமே ஆள் அனுப்பினார். தரையைக் கொத்தி எடுத்து, நீர்க்காப்புப் பூசி, புது ஓடு பதித்தார்கள். குகன் மீண்டும் தண்ணீர் தேக்கிப் பார்த்தார். சொட்டவில்லை.

திங்கட்கிழமை முன்பணத்தோடு வருவதாகப் புனிதா சொல்லியிருந்தார். ஞாயிறன்று விஜயன் அழைத்தார்.

"சாரி அக்கா. பாத்ரூம் புதுசாயிடுச்சுன்னு ஓனரு விலைய ஏத்திட்டாரு. வேற ஒருத்தர் முன்பணம் கட்டிட்டாரு."

எதிலும் கையெழுத்தாகவில்லை. ஆகவே சண்டை போட இடமில்லை. ஓனர் செய்தது நியாயமல்ல, குற்றமும் அல்ல. குகனுக்குக் கொடுத்த கூலியும் அலைந்த அலைச்சலும் புனிதாவின் கணக்கில் போயின. சேமிப்பு அப்படியே இருந்தது. அன்று அதை அவர் ஆறுதலாக எடுத்துக்கொள்ளவில்லை.

சில வாரங்கள் கழித்து, விஜயனிடம் நம்பர் வாங்கி ஜுபைதா போன் செய்தார்.

"சீலிங் நல்லா இருக்கும்மா. உன்னாலதான். ஆனா வீடு உனக்கு இல்லாமப் போச்சு. கேள்விப்பட்டு எனக்குச் சாப்பாடே எறங்கல."

"பரவால்ல ஆன்டி."

"பக்கத்து பிளாக்ல ஒரு வீடு விக்கறாங்க. நாலாவது மாடி. ஒழுகலயாம்."

"நீங்க சொல்றத நான் நம்பணுமாக்கும்?"

"என்னைய எதுக்கு நம்பற? உன் ஆளக் கூட்டிக்கிட்டு வா. குடிக்கத் தே போட்டு வைக்கிறேன்."

அந்தச் சனிக்கிழமை புனிதா குகனோடு போனார். மூன்றாம் மாடியில் குகன் நிற்பதற்கு முன்பே புனிதா நின்று, கீழ் வீட்டுக் கதவைத் தட்டினார்.