மொடெஸ்டாவின் நுரைக்கயிறு

மொடெஸ்டா பேயுவோ, முளைச்சோளம் விற்கும் ஜெர்வாசியாவுக்கு முந்நூற்று அறுபது சீடிப் பணம் கடன்பட்டிருந்தாள். மூன்று மூட்டை முளைச்சோளம், மூட்டை நூற்று இருபது. இதில் மறைக்க ஒன்றுமில்லை. லாவ்ரா சந்தையில் அந்தத் தொகை ஈ எறும்புக்குக்கூடத் தெரியும்.

கடன் வாங்கித் தின்று தீர்த்தவள் அல்ல அவள். பதினெட்டு வயதில் ஒரே ஒரு அலுமினியச் சட்டியோடு இந்தச் சந்தைக்கு வந்தவள். புருஷன் வருஷத்தில் எட்டு மாதம் தெற்கே டெச்சிமான் பக்கம் கூலிக்குப் போய்விடுவான். அவன் அனுப்புவது அவன் பஸ் செலவுக்கே காணாது. இவள் சோளக்கள் காய்ச்சி விற்று இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினாள். இடுப்புயரப் பானை நான்கு வாங்கினாள். சந்தைக் கொட்டகையில் வேப்பமர நிழல் முதலில் விழும் இடத்தைப் பிடித்தாள். அதற்கும் மேலே, முப்பத்தாறு வயதில் தகட்டுக் கூரை போட்டு ஓர் அறை கட்டினாள். பள்ளிக்கூடப் படியே ஏறாதவள்! தகட்டுக் கூரை போட்ட வாத்தியார்கள் அந்த வருஷம் அந்தத் தெருவில் எத்தனை பேர்? ஒருத்தர்கூடக் கிடையாது.

அந்தத் தகட்டு அறைதான் அவளைக் கவிழ்த்தது.

சோளக்கள்ளுக்கு உயிர் கயிற்றில் இருக்கிறது. நாரில் முறுக்கிய முழ நீளக் கயிறு. காய்ச்சி ஆறவைத்த சோளத் தண்ணீரில் அதைச் சாயங்காலம் போட்டால் காலையில் பானை நுரை கக்கும். கயிற்றை எடுத்து உலர்த்தி வைத்துக்கொண்டால் அடுத்த பானைக்கு ஆகும். படித்தவர்கள் அதில் கிருமி இருக்கிறது என்கிறார்கள். ஒன்றிரண்டு அல்ல, பல சாதிக் கிருமி அந்த ஒரே கயிற்றில் குடியிருக்கிறதாம். நுரையைக் கிளப்புவது ஒன்று, புளிப்பை ஏற்றுவது ஒன்று. மொடெஸ்டாவுக்கு அந்தப் பாடமெல்லாம் வேண்டியிருக்கவில்லை. தன் கயிறு மற்றவர் கயிற்றைவிட உசத்தி என்பது மட்டும் தெரியும். பதினெட்டு வருஷமாக மண் சுவர் அடுக்களையில் புகையேறிய கம்பில் தொங்கிய கயிற்றை, புது அறை கட்டியதும், அங்கே நடு உத்திரத்தில் கொண்டுபோய்ப் பெருமையாக மாட்டினாள். வீடு கட்டிக்கொடுத்ததே அதுதான், அது அடுக்களையில் கிடப்பதா என்று நினைத்தாள்.

மார்ச் மாதம் அது. மேலே தகடு, அதற்கு மேலே சூரியன்.

அந்த மாதத்து முதல் சந்தையில் நுரை பாதிதான் ஏறியிருந்தது. காய்ச்சினவள் முதல் வாய் குடித்துக் காட்டுவது வழக்கம். மொடெஸ்டா குடித்தாள். ஏதோ ஒன்று குறைகிறது, வெயில் அதிகம், அதனால் இருக்கும் என்று விட்டுவிட்டாள். தன் கள் கெட்டுப்போகும் என்று நினைக்க அவளுக்குத் தெரியாது. அடுத்த குடுக்கையை, ருசி பார்க்க, சைக்கிள் பழுது பார்க்கும் அயாம்காவிடம் நீட்டினாள். அயாம்கா ஃப்ராஃப்ராச் சாதி, மொடெஸ்டா டகாராச் சாதி. ஃப்ராஃப்ராக்காரன் டகாராக்காரியை என்ன சொல்லித் திட்டினாலும் அவள் கோபப்படக் கூடாது. அவளும் இரண்டு மடங்காகத் திருப்பித் தரலாம். இரண்டு சாதிக்கும் கேலி முறை அப்படி.

அயாம்கா ஒரு வாய் குடித்துவிட்டுக் கொட்டகையே கேட்கும்படி கத்தினான்.

"அடியே என் அடிமை! உன் கயிறு செத்துப்போச்சுடி! எப்ப எடுக்கப்போறீங்க? சொல்லி அனுப்பு, நான் மேளத்தோட வரேன்."

"உன் மூக்குதான் செத்துப்போச்சு, வேலைக்காரப் பயலே! சைக்கிள் டியூப்பை மோந்து மோந்து உனக்கு எல்லாமே ரப்பரா இருக்கு."

கொட்டகை சிரித்தது. மொடெஸ்டாவும் சிரித்தாள். மற்றவர்கள் கள்ளைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அரைக் குடுக்கை குடித்துவிட்டு, "வேலை கெடக்கு அக்கா" என்று ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். ஒரு பெண்ணின் கள்ளை முகத்துக்கு நேரே குறை சொல்ல அந்த ஊரில் யாருக்கும் வாய் வராது.

ஆறு நாள் கழித்து அடுத்த சந்தை. இன்னொரு மூட்டை கடனுக்கு வாங்கிக் காய்ச்சியிருந்தாள்.

"இதைப் பன்னிக்கு ஊத்திப் பாத்தியா?" என்றான் அயாம்கா. "உயில் எழுதி வெச்சிட்டுக் குடிக்கும்."

"உன் வீட்டுல எழுதத் தெரிஞ்சது அந்தப் பன்னி ஒண்ணுதானே!"

மறுபடி சிரிப்பு. மறுபடி பானையில் முக்கால்வாசி மிச்சம். கேலி முறைக்காரன் கேலிதான் பேசுவான், அதை யார் பொருட்படுத்துவார்கள் என்று மூன்றாவது மூட்டையையும் கடனுக்கு வாங்கினாள்.

மூன்றாவது சந்தையில் அயாம்கா குடுக்கையை இரண்டு கையாலும் வாங்கினான். குடித்தான். வாயைத் துடைத்துக்கொண்டான். குடுக்கையைச் சத்தமில்லாமல் பலகையில் வைத்துவிட்டு, "நல்லா இருக்குங்கம்மா" என்றான். ருசி பார்த்ததற்கு யாரும் காசு தருவதில்லை. அவன் ஒரு சீடி நோட்டை வைத்துவிட்டுப் போனான்.

மொடெஸ்டாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அயாம்கா மரியாதை கொடுக்கிறான் என்றால் வீட்டில் சாவு விழுந்துவிட்டது என்று அர்த்தம்.

கள்ளை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள். தகட்டு அறைக்குள் நின்று கையை உயர்த்தினாள். உத்திரத்தருகே காற்றே கொதித்தது. கயிற்றைத் தொட்டால் சருகு போல் பொடிந்தது. மோந்தால் ஒரு வாசனையும் இல்லை.

அவள் அழவில்லை. அறைக்கு வெளியே வந்து தன் கூரையைப் பார்த்து, இந்த ஊரில் யாரும் அச்சில் போடமாட்டாத நான்கு வார்த்தை சொன்னாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

மறுநாள் ஜெர்வாசியா தானே வந்துவிட்டாள். கனத்த சரீரம், நல்ல துணி, இடுப்பில் சாவிக்கொத்து. சந்தையில் பாதிப் பேர் அவளிடம்தான் முளைச்சோளம் வாங்குகிறார்கள்; நான்கு பெண்களைக் கூலிக்கு வைத்துத் தானும் கள் காய்ச்சி விற்கிறாள்.

"கயிறு போச்சாமே, தங்கச்சி."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்ல வேணாம். உன் பன்னிங்க மூணு சந்தையா கொழுத்துக்கிட்டே வருது." முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "என் கயித்தை எடுத்துக்கோ. என் சோளம், என் கயிறு, உன் கை. நாள் கூலி தரேன். கடன்ல மாசம் கொஞ்சம் கழிச்சுக்குவோம். கொட்டகையில உன் எடத்துல என் பேரு இருக்கட்டும், அவ்வளவுதான்."

"நான் முடியாதுன்னா?"

"கோபினே திருவிழா வரைக்கும் பொறுத்துக்கறேன். அதுக்குள்ள காசு வரலைன்னா நாலு பானையும் எனக்கு, எடமும் எனக்கு. நான் பொல்லாதவ இல்ல. ஆனா முந்நூத்தி அறுபது சீடி மரத்துல காய்க்கலியே அம்மா."

"கோபினேவுக்கு வா அக்கா. பையைப் பெரிசா கொண்டு வா."

ஜெர்வாசியா சிரித்துக்கொண்டே போனாள். கையில் கயிறும் இல்லை, சோளமும் இல்லை, வாய் மட்டும் இருக்கிறதே இவளுக்கு என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனாளாம்.

வேறு யாரிடமும் கயிறு கேட்க மொடெஸ்டாவுக்கு வழியில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லமாட்டார்கள். ஆனால் பதினெட்டு வருஷமாக முதுகுக்குப் பின்னால் அவர்களுடைய கள்ளைக் குட்டைத் தண்ணீர் என்று பாட்டாகவே பாடியிருக்கிறாள். எந்த முகத்தோடு போய் நிற்பது? முதல் கயிறு இந்த உலகத்தில் யாரிடமிருந்து வந்தது, வானத்திலிருந்து விழுந்ததா, யாரோ ஒரு பொம்பளை ஒன்றுமில்லாமல்தானே செய்திருப்பாள் என்று யோசித்தாள். அந்தப் பொம்பளையால் முடிந்தது என்னால் முடியாதா?

வீட்டுத் தானியக் குதிரின் மூடியைத் திறந்தாள். மழைக்காலத்துப் பசி மாதங்களுக்கென்று வைத்திருந்த சொந்தச் சோளம் அது. அதில் இரண்டு கூடை அள்ளி நனைத்து, முளைகட்டி, காயவைத்து, அரைத்துக்கொண்டாள். பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "என்ன பாக்கறீங்க? கஞ்சி கொஞ்சம் தண்ணியா இருக்கும். குடிச்சுப் பழகுங்க" என்றாள்.

சின்னச் சின்னச் சட்டியாக எட்டு வைத்தாள். கரைத்து, ஓர் இரவு புளிக்கவிட்டு, மறுநாள் அடுப்பெரிய எரியக் காய்ச்சி ஆறவைத்த இனிப்புத் தண்ணீர். கயிறு மட்டும் இல்லை. ஒரு சட்டியை மாட்டுக் கொட்டிலருகே திறந்து வைத்தாள். ஒன்றைக் கூரைமேல் வைத்தாள். ஒன்றில் வேகாத முளைச்சோளம் ஒரு பிடி தூவினாள். ஒன்றைப் பழைய அடுக்களையில், அந்தக் கயிறு பதினெட்டு வருஷம் தொங்கிய கம்புக்கு நேர் கீழே வைத்தாள். மழை தொடங்கி ஷியா பழம் உதிரும் காலம். மரத்தடியில் குளவி மொய்க்க வெடித்துக் கிடந்த பழத்தின் தோலை ஒரு சட்டியில் போட்டாள். மீதியைக் கண்ட கண்ட இடத்தில் வைத்தாள்.

கொட்டிலருகே வைத்தது கூமுட்டை நாற்றம் நாறியது. கூரைமேல் வைத்தது வெண்டைக்காய்க் குழம்பு போல் நூல் விட்டது. மூன்று சட்டி, பல்லைக் கூசவைக்கும் காடி. ஒன்றில் பச்சைப் பூஞ்சை. எல்லாம் பன்றிகளுக்குப் போனது. ஒரு கிழட்டுப் பன்றி குடித்துவிட்டு, பாதையின் குறுக்கே கால் நான்கையும் நீட்டிப் படுத்துக்கொண்டு சைக்கிள்காரர்களை வழி மறித்தது.

ஷியா தோல் போட்ட சட்டி மட்டும் இரண்டாம் நாளே நுரைத்துக்கொண்டு எழும்பியது. வாயில் வைத்தால் வேகம் இருந்தது, ருசி இல்லை. அடுக்களைச் சட்டி அவசரப்படவேயில்லை. ஐந்தாம் நாள் நல்ல புளிப்பு, பின்னாலேயே ஒரு பழ வாசனை, ஆனால் நுரை இல்லை. மொடெஸ்டா இரண்டு சட்டிக்கும் நடுவில் உட்கார்ந்து இதில் ஒரு வாய் அதில் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். பிறகு இரண்டின் அடிவண்டலையும் ஒரே சட்டியில் கொட்டினாள். யாரும் சொல்லிக்கொடுத்தது அல்ல. எந்தப் புத்தகத்திலும் பார்த்தது அல்ல. அவள் நாக்கு சொன்னது.

புளிச்சைச் செடியின் நாரில் புதுக் கயிறு முறுக்கி அதில் ஊறப்போட்டாள். எடுத்துப் பழைய அடுக்களைக் கம்பில் உலர்த்தினாள். மறுபடி காய்ச்சினாள், மறுபடி கயிற்றைப் போட்டாள். முதல் நான்கு தடவை ஒரு நாள் நுரை ஜெயிக்கும், ஒரு நாள் புளிப்பு ஜெயிக்கும்; இரண்டும் ஒரே வீட்டுக்கு வந்த சக்களத்திகள் போல் மல்லுக்கு நின்றன. புளிப்பு மிஞ்சினால் இரவு புளிக்கவிடும் நேரத்தைக் குறைத்தாள். நுரை மிஞ்சினால் கயிற்றைச் சீக்கிரம் வெளியே எடுத்தாள். ஏழாவது தடவை சண்டை அடங்கியது. ஒன்பதாவது தடவைக்கும் பத்தாவது தடவைக்கும் ருசியில் இம்மி வித்தியாசம் இல்லை. அதற்குள் குதிர் அடி தெரிந்தது. பிள்ளைகளுக்குத் தண்ணீர்க் கஞ்சி பழகிப்போயிற்று.

அக்டோபரில் கோபினே. சுற்றுவட்டத்து ஊரெல்லாம் ஆடவும் குடிக்கவும் லாவ்ராவுக்கு வந்து இறங்கியது. தன் கையால் முளைகட்டிய கடைசிச் சோளம் முழுவதையும் நான்கு பெரிய பானையிலும் காய்ச்சியிருந்தாள். இது போனால் பானையும் போகும், இடமும் போகும், ஜனவரி வரைக்கும் வீட்டில் கஞ்சியும் போகும்.

கொட்டகையில் பானை மூடியை எடுத்து, முதல் வாய் தானே குடித்தாள். அடுத்த குடுக்கையை எடுத்துக்கொண்டு நேரே அயாம்காவிடம் போய் நீட்டினாள். ஜனம் பேச்சை நிறுத்திப் பார்த்தது.

அயாம்கா குடித்தான். இன்னும் குடித்தான். குடுக்கை காலியாகும்வரை தலையை நிமிர்த்தவில்லை. பிறகு குடுக்கையைத் தரையில் எறிந்தான்.

"திருட்டு அடிமை! எங்க வீட்டுக் கள்ளை எப்படித் திருடினே? இவ்வளவு நல்லா காய்ச்ச உங்க சாதிக்கு வராதேடி! இத்தனை மாசம் மூத்திரத்தை ஊத்தினவ இப்ப எவன் காலை அமுக்கி இதைக் கத்துக்கிட்டே?"

மொடெஸ்டாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "குடுக்கையைப் பொறுக்கிக் குடு, வேலைக்காரா" என்றாள். "இன்னொண்ணு வேணும்னா ஒரு சீடி. உனக்கு மட்டும் ரெண்டு."

அதன் பிறகு அவளுக்கு நிமிர நேரமில்லை. நுரை உதட்டில் ஒட்டியது, புளிப்பு நாக்கின் ஓரத்தைக் கிள்ளியது, குடித்தவன் இன்னொருத்தனைக் கூட்டி வந்தான். இரண்டாம் நாள் நடுப்பகலில் நாலாவது பானையின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது ஜெர்வாசியா வந்தாள். ஒரு குடுக்கை வாங்கி நின்றபடியே குடித்தாள்.

"இந்தக் கயித்துல ஒரு துண்டு குடு, தங்கச்சி. கடன்ல நூறு தள்ளிடறேன்."

"கயித்துக்கு வெல போடற வழக்கம் நம்மகிட்ட இல்ல அக்கா. கேட்டா சும்மாவே தருவேன். கள்ளு காய்ச்சற எல்லாருக்கும் தருவேன். ஆனா குடிக்கிறவங்க கேட்டா, மொடெஸ்டா கயிறுன்னு சொல்லணும்."

"சொல்றேன்டி அம்மா, சொல்றேன். மீதியை அப்புறம் பாத்துக்கலாம், போ."

"அதெல்லாம் அப்புறம் இல்ல. இப்பவே. கடன் வேற, கயிறு வேற. இப்பக் குடிச்ச கள்ளு அதுவும் வேற, ஒரு சீடி எடு."

ஜெர்வாசியா வாய்விட்டுச் சிரித்து ஒரு சீடியைப் பலகையில் வைத்தாள். கொட்டகை முழுக்க எட்டிப் பார்த்தது. மொடெஸ்டா கள் ஈரம் போகக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, இடுப்பு முடிச்சை அவிழ்த்தாள்.

"கையை நீட்டு அக்கா."

ஜெர்வாசியா நீட்டினாள். பத்து, இருபது, முப்பது என்று மொடெஸ்டா உரக்க எண்ணி, ஒவ்வொரு நோட்டாக அந்த உள்ளங்கையில் வைத்தாள். முப்பத்தாறாவது நோட்டை வைத்து, "முந்நூத்தி அறுபது" என்றாள்.