மூன்று துண்டுக் கடவுச்சொல்லும் ஷைலஜாவும்

சனிக்கிழமை காலை, மீன் ஏலம் சூடுபிடித்திருந்த நேரம். குலசேகரத்திலிருந்து ஷைலஜாவின் கணவர் போன் செய்தார். இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. "சத்தமாட்டு சொல்லுங்க" என்று கத்தினேன். அவரும் சத்தமாகவே சொன்னார்: ஷைலஜா மாரடைப்பில் காலமாகிவிட்டார். அந்த மனிதரை அப்படிச் சொல்ல வைத்த பாவி நான். ஏலம் நின்றது. மீன் வாங்க வந்த ஒரு பெண் கூடையைக் கீழே வைத்துவிட்டு, "நம்ம கம்ப்யூட்டர் அக்காவா?" என்று கேட்டு அழுதார்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் மீனவர் சங்க அலுவலகத்தில் ஒன்பது ஆண்டுகள் கணினி வேலை பார்த்தவர் ஷைலஜா. ரப்பர்த் தோட்டத்து ஊர்க்காரர். இரண்டு பஸ் மாறி வருவார். கடைசிவரை ஒரு படகிலும் கால் வைக்கவில்லை. "கரையில நின்னு பாத்தாலே எனக்கு தல சுத்துதுண்ணே" என்பார். நான் சங்கத்தின் செயலாளர். முன்கோபி, வாய் நீளம் என்று ஊருக்கே தெரியும். அவரும் முதல் வாரத்திலேயே தெரிந்துகொண்டார்.

காற்று எச்சரிக்கை வந்தால் ஒவ்வொரு படகுக்காரருக்கும் போன் போட்டுச் சொல்வது அப்போது என் வேலை. அதில் எனக்குப் பெரிய பெருமை. பாதிப் பேருக்குச் சொல்வதற்குள் தொண்டை கட்டிவிடும், அது வேறு விஷயம். இதைப் பார்த்துக்கொண்டிருந்த ஷைலஜா ஒரு ஸ்கிரிப்ட் எழுதினார். கணினி என்னென்ன செய்ய வேண்டும் என்று வரிசையாக எழுதி வைப்பதுதான் ஸ்கிரிப்ட். அது மணிக்கொரு முறை வானிலை அறிவிப்பைப் படிக்கும். காற்று கடுமை என்றால் எல்லாப் படகுக்காரருக்கும் குறுஞ்செய்தி அனுப்பும். ஒரே ஒரு கோளாறு. செய்தி அனுப்பும் கருவியைத் தொட நிர்வாகி உரிமை, அதாவது கணினியில் எதையும் மாற்றும் அதிகாரம், வேண்டும். ஒவ்வொரு முறையும் திரை கடவுச்சொல் கேட்டு அப்படியே நிற்கும்.

கடவுச்சொல்லின் கதையைச் சொல்ல எனக்கே வெட்கம். எங்கள் மாதா கோயில் காணிக்கைப் பெட்டிக்கு மூன்று பூட்டு. மூன்று சாவிக்காரர்களும் சேர்ந்து வந்தால்தான் திறக்கும். அதே வழக்கப்படி கடவுச்சொல்லையும் மூன்றாக வெட்டினோம். தலைத்துண்டு தலைவர் மிக்கேலுக்கு, நடுத்துண்டு எனக்கு, வால்துண்டு பொருளாளருக்கு. யோசனை என்னுடையது! பொருளாளர் கல்யாண வீட்டுக்குப் போயிருந்தால் காற்று காத்திருக்குமா?

ஒருநாள் எச்சரிக்கை இரண்டு மணி நேரம் திரையிலேயே கிடந்தது. காற்று திசை மாறிப் போனதால் பிழைத்தோம். அன்று மாலைக் கூட்டத்தில் ஷைலஜா எழுந்து நின்றார்.

"உங்க மூணு பேரையும் தேடிப் பிடிச்சுக் கொண்டு வாறதுக்குள்ள கடல்ல ஆளு செத்துப் போவும்ணே."

"அப்போ பாஸ்வேர்ட உன் கையில தரணுமோ? கடலையே தெரியாத ஆளு கையில?" என்று பாய்ந்தேன்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம். அந்த ஒரு வேலைக்கு மட்டும் அதிகாரம் குடுங்க. ஆளுக்குக் குடுக்காண்டாம், வேலைக்குக் குடுங்க."

மிக்கேல் சிரித்துவிட்டார். "இந்தப் பிள்ள சொல்லது நியாயமாக்கும். நீ வாய மூடுலேய்."

மூவரும் வரிசையாக வந்து அவரவர் துண்டைத் தட்டினோம். நாங்கள் தட்டி முடிக்கும்வரை ஷைலஜா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். பிறகு, எந்த வேலை எப்போது தானாக ஓட வேண்டும் என்று கணினி வைத்திருக்கும் கால அட்டவணையில் ஸ்கிரிப்டைச் சேர்த்து, யார் கணினியைத் திறந்து வைத்திருந்தாலும் இல்லாவிட்டாலும் நிர்வாகி உரிமையோடு ஓடும்படி அமைத்தார். அந்த ஸ்கிரிப்டையும் யாரும் திருத்த முடியாதபடி பூட்டினார்.

"இனி நானே நெனச்சாலும் இதத் திருத்த முடியாது. நீங்க மூணு பேரும் வரணும். அதிகாரத்தோட ஓடுத ஒண்ண கண்டவங்களும் தொடப்பிடாதுண்ணே."

என் மூன்று பூட்டை அவர் தூக்கி எறியவில்லை. இருக்க வேண்டிய இடத்தில் வைத்தார். அது அன்று எனக்குப் புரியவில்லை.

அந்த வருடத் திருவிழாவில் புரிந்தது. அலுவலகம் பூட்டிக் கிடந்தது, ஷைலஜா லீவில் ஊரில் இருந்தார். நாங்கள் மூவரும் தேர் வடம் பிடித்து நின்றோம். என் தம்பி அருள்தாஸ், பிடிவாதக்காரன், சொல்லச் சொல்லக் கேட்காமல் நான்கு பேரோடு கடலுக்குப் போயிருந்தான். திடீரென்று பவனி முழுக்கப் போன்கள் ஒலித்தன. 'கடும் காற்று. கடலுக்குப் போக வேண்டாம். போனவர்கள் திரும்புங்கள்.' தம்பியைக் கூப்பிட்டேன், லைன் போகவில்லை. வடத்தை விட்டுவிட்டுப் புது வேட்டியோடு கரைக்கு ஓடினேன். அரை மணி நேரம், மாதாவே, அது அரை மணி நேரமா! பிறகு படகு தெரிந்தது.

"டவர் போவதுக்கு முன்ன மெசேஜ் வந்துட்டுண்ணே. திருப்பிட்டோம்" என்றபடி தம்பி மணலில் குதித்தான். அவர்கள் படகை ஏற்றி முடித்தபோது காற்று தென்னைகளை முறித்துப் போட்டுக்கொண்டிருந்தது. ஐந்து பேரும் கரையில்! யாரோ ஓடிப்போய்க் கோயில் மணியை அடித்தார்கள். ஊரே கத்தியது. நானும் கத்தினேன்.

ஷைலஜாவுக்குப் போன் செய்தேன். "நீயா அனுப்புனே?"

"நான் இங்க மரச்சீனிக் கெழங்கு அவிச்சிட்டு நிக்கேன்ணே. ஆரும் அனுப்பல்ல, அது தானா போச்சு. எல்லாரும் வந்தாச்சா?"

"வந்தாச்சு" என்று சொல்லிவிட்டு அழுதேன். அதன்பிறகு ஒருநாளும் அவரிடம் குரல் உயர்த்தவில்லை.

ஞாயிறன்று இரண்டு வேன்களில் குலசேகரம் போனோம். ரப்பர் மரங்களுக்கு நடுவே பாடையைத் தூக்கியவர்களில் என் தம்பியும் ஒருவன். ஷைலஜாவின் கணவரே அவனைக் கூப்பிட்டுத் தோள் கொடுக்கச் சொன்னார்.

நேற்று மூவரும் அலுவலகக் கணினி முன் உட்கார்ந்தோம். இல்லாதவர் பெயரில் உள்ள கணினிக் கணக்கை நீக்க வேண்டும், அது முறை. எனக்குக் கை வரவில்லை.

"அவளுக்க பேருலதான அது ஓடும்? அழிச்சா நின்னுராதா?" என்று மிக்கேலும் பயந்தார்.

அட்டவணையைத் திறந்து பார்த்தோம். யார் பெயரில் ஓடுகிறது என்ற இடத்தில் ஷைலஜாவின் பெயர் இல்லை, இயந்திரத்தின் சொந்தக் கணக்குதான் இருந்தது. எந்த மூலையிலும் தம் பெயரை அவர் எழுதி வைத்திருக்கவில்லை. கணக்கை நீக்கிவிட்டுக் காத்திருந்தோம். மணி மூன்றானதும் ஸ்கிரிப்ட் தானாக ஓடி முடிந்தது. எச்சரிக்கை இல்லை. வெளியே அருள்தாஸ் படகைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

போய் வாருங்கள், ஷைலஜா. இனி கடலுக்குப் போகிறவர்களை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்ல வாயெடுத்தேன். பொய். இப்போதும் நீங்கள்தான் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.